பதினைந்து டிகிரி

சில்லர் பழுதாகி ஒன்பது நாள்.
சிப்காட்டின் கடைசி ஷெட்டில்
தொட்டித் தண்ணீர் முப்பத்து மூன்றைவிட்டு
இறங்க மாட்டேன் என்கிறது.
சோதனைக்குப் பதினைந்து வேண்டும்.

அஞ்சலாட்சி முதுநகர் போய்
துறைமுக ஐஸ் கம்பெனியில் அரைப்பாளம் வாங்கி
சாக்கு சுற்றி ஆட்டோவில் கொண்டுவந்தாள்.
அது கரையக் கரைய
ஒரு செதில் மேலே வந்தது.
வஞ்சிரத்துக்குச் செதில் இவ்வளவு பெரிசா இருக்காது,
கொடுவா என்றாள்.
டீ வடிகட்டியால் எடுத்தேன்.
விதிப்புத்தகத்தில் மீனைப் பற்றி
ஒன்றும் சொல்லவில்லை.

பித்தளை அச்சில் ஆறிய தாரை
மோட்டார் இழுக்கிறது.
நிமிடத்துக்கு ஐந்து சென்டிமீட்டர்.
இடுப்பு மெலிந்து
கயிறாகி
நூலாகப் போகும் நேரம்
பத்தில் நிறுத்துகிறேன்.
நடுவில் கத்தரிக்கோல்.
இனி ஒரு மணி நேரம் யாரும் மேசையில் சாயக்கூடாது.

வெறும் தார் வெட்டிய இடத்திலேயே கிடக்கும்.
ரப்பர் கலந்தது பின்வாங்கும்,
கண்ணுக்குத் தெரியாமல்,
கடன்காரனைக் கண்டவன் சந்துக்குள் நகர்வதுபோல்.
எவ்வளவு தூரம் நகர்ந்தது
என்பதற்குத்தான் எனக்குச் சம்பளம்.

கான்ட்ராக்டரின் ஆள் தனவேல்
பண்ருட்டிச் சுளைகளோடு வந்து உட்கார்ந்திருக்கிறார்.
அவரே அறுத்தாராம். எண்ணெய் தடவ மறந்துவிட்டாராம்.
பிசின் பிடித்த இரண்டு விரலைப்
பிரித்துப் பிரித்து ஒட்டிக்கொண்டிருக்கிறார்.
கத்திக்கு எண்ணெய் தடவாதவரை நம்பி
கொதிகலனை எப்படி விட்டார்கள்
என்று நினைத்தேன், கேட்கவில்லை.
சுளையையும் தொடவில்லை.

புதிதாக வந்த ஏ.இ. ஒருமுறை சொன்னார்:
ரோட்டைத் தேய்த்த டயரே
ரோட்டுக்குள் போய்ப் படுக்கிறது,
இதில் ஒரு கவிதை இருக்கிறது, மர்ஜியா மேடம்.
இருக்கலாம், சார்.
எனக்கு அது சலித்த கறுப்புப் பொடி.
உள்ளே சில சமயம் கம்பித் துணுக்கு.
ஒருமுறை விரலில் ஏறி
டி.டி. ஊசி போட்டுக்கொண்டேன்.

மணி ஆயிற்று.
முனைகள் தொடும்வரை மெல்லத் திருப்பி
அளவுகோலைப் படித்தேன்.
ஐந்து புள்ளி ஏழு.
அப்படியென்றால் மீண்டது நாற்பத்து மூன்று சதம்.
ஐம்பது வேண்டும்.

ஏழுதானே மேடம், என்றார் தனவேல்.

டேங்கர் எங்கே நின்றது?
நெல்லிக்குப்பத்தில், கரும்பு லாரிகளுக்குப் பின்னால்.
எத்தனை நேரம்?
ரெண்டு ராத்திரி.
கலக்கி ஓடியதா?
அவர் விரல்கள் ஒட்டிக்கொண்டன.

ஏணி போட்டேன்.
துப்பட்டாவை முடிந்துகொண்டு
டேங்கரின் அடிவால்வில் பிடித்தேன் இன்னொரு டப்பா.
அது வழியவில்லை.
திட்டுத் திட்டாக விழுந்தது,
அடிப்பிடித்த களிபோல.
ரப்பர் எல்லாம் கீழே போய் உட்கார்ந்திருந்தது.

மறுபடி அச்சு, மறுபடி ஐஸ்,
மறுபடி ஒரு மணி.
அறுபத்தெட்டு.

தனவேல் போனில் தட்டினார்.
கூட்டி ரெண்டால வகுத்தா
ஐம்பத்தைந்தரை, பாஸ் மேடம்!

சராசரிமேல் லாரி ஓடாது, அண்ணே.
மேலே இருந்ததைப் போட்ட கிலோமீட்டர்
சித்திரையில் இளகிச் செருப்பில் வரும்.
அடியில் இருந்ததைப் போட்ட கிலோமீட்டர்
உருளைக்கே படியாது.
நடுவில் நீங்கள் சொல்லும் ஐம்பத்தைந்தரை
எந்த ஊரில் இருக்கிறது?

அவருக்குக் கோபம் வரவில்லை.
அதுதான் கஷ்டமாக இருந்தது.
சுளைப் பொட்டலத்தை அப்படியே விட்டுவிட்டு
டிரைவரை எழுப்பப் போனார்.

இரண்டு எண்ணையும் எழுதினேன்,
ஒன்றின்கீழ் ஒன்றாக.
கூட்டல் கோடு போடவில்லை.
குறிப்பு: சூடேற்றி, கலக்கி, மறுமாதிரி.

ஆறு மணிக்கு டேங்கருக்குள்
கலக்கி சுற்றும் சத்தம் தொடங்கியது,
வயிறு சரியில்லாத மாடுபோல.
தொட்டியில் பாளம் போய்
தண்ணீர் இருபத்தெட்டு.

கிளம்பும்போது அஞ்சலாட்சியிடம் சொன்னேன்,
நாளைக்கும் அரைப்பாளம்.
சீக்கிரம் போ,
படகு வருவதற்கு முன்னால்.